சிறைக்காலமும் அதன் கணக்கும்: தண்டனைக் குறைப்பின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

சிறைத் தண்டனை குறைவதற்கு இரு வழிகள் உள. கைதி தன் உழைப்பாலும் நன்னடத்தையாலும் ஈட்டிக்கொள்வது ஒன்று. ஆட்சியாளர் கருணையாக அளிப்பது மற்றையது. முன்னையது விதியின்பாற்பட்டது, பின்னையது விருப்பின்பாற்பட்டது. இவ்விரண்டும் ஒன்றன்று என்பதை யாழ்ப்பாண மக்களின் அண்மைக்கால அனுபவம் தெளிவாக உணர்த்துகின்றது.

ஈட்டும் முறையின் தொடக்கத்தை அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள நோர்போக் தீவிற் காணலாம். 1840 முதல் 1844 வரை அங்கு குற்றவாளிகள் குடியிருப்பை நிருவகித்த அலெக்சாந்தர் மக்கொனக்கி, தண்டனையை ஆண்டுகளால் அன்றிப் புள்ளிகளால் அளக்கவேண்டும் என வாதிட்டார். உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் உரிய புள்ளிகளைச் சேர்த்தவன் விடுதலைக்கு உரியவனாவான். 1850களில் அயர்லாந்தில் வோல்ற்றர் குறொப்ரன் இதனைப் படிமுறையாக்கி, நிபந்தனையுடன் கூடிய விடுதலையோடு இணைத்தார். பிற்காலப் பரோல் முறையின் வேர்களுள் இதுவும் ஒன்றாகும்.

பிரித்தானியச் சிறை நிருவாகத்தின் வழியே இச்சிந்தனை இலங்கையையும் எட்டியது. 1877 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமே இன்றும் இலங்கைச் சிறை நிருவாகத்தின் அடிப்படையாகும். நன்னடத்தைக்கும் உழைப்புக்கும் தண்டனைக் கழிவு வழங்கும் விதிகள் இச்சட்ட அமைப்பினுள் அமைந்தன. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இயங்கிய சிறையும் இந்நிருவாகத்துக்கு உட்பட்டதே.

ஆனால், இக்கணக்கு தீர்ப்பு வழங்கப்பட்ட பின்னரே தொடங்குகின்றது. தீர்ப்பில்லாதவனுக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லாதவிடத்துக் கழிவும் இல்லை. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்விடைவெளியைப் பெரிதாக்கியது. விசாரணையின்றி 18 மாதங்கள்வரை தடுத்துவைக்கவும், அதன்மேல் வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்கவும் அது இடமளித்தது. தற்காலிகமெனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாயிற்று. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக்காவலின் எல்லையை 12 மாதங்களாகக் குறைத்தது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் தமிழ் இளைஞர் பலர் வழக்கை எதிர்நோக்கிச் சிறையிற் கழித்த ஆண்டுகள், எந்தப் புள்ளியையும் ஈட்டாத ஆண்டுகளாயின.

ஆதலின் அவர்களின் குடும்பங்களுக்கு எஞ்சிய நம்பிக்கை, 1978 ஆம் ஆண்டு யாப்பின் 34 ஆம் உறுப்புரை சனாதிபதிக்கு அளிக்கும் மன்னிப்பு அதிகாரமேயாகும். அது எவ்வாறு பயன்பட்டது? 2000 டிசெம்பரில் தென்மராட்சியின் மிருசுவிலில் சிறுவர் உட்பட எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 2015 இல் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதி அவருக்கு மன்னிப்பளித்தார். 2021 பொசன் போயாவன்று பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் 16 பேர் விடுவிக்கப்பட்டனர். கொலைக்குற்றவாளியான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் அதே நாளில் மன்னிப்புப் பெற்றார். பின்னதை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது.

கருணை தேவையற்றது என்பது இதனாற் பெறப்படும் முடிவன்று. விதி வலுவிழந்தவிடத்துக் கருணை அரசியற் கொடுக்கல் வாங்கலாகிவிடும் என்பதே நாம் கருதவேண்டியது. விளக்கமறியலிற் கழிந்த ஒவ்வொரு நாளையும் தண்டனையின் பகுதியாகக் கணிக்கும் கட்டாய விதி ஏற்படும்வரை, கைதியின் விடுதலை அவன் கையிலன்றிப் பிறர் கையிலேயே தங்கியிருக்கும்.