தலைநகரில் ஒரு குளிர்காலம்: பூட்டிய அறைக்குள் ஓர் அறிக்கை

சமஸ்திபூர் ரயில் நிலையக் குண்டுவெடிப்பை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 1975 ஜனவரி 2-ம் தேதி அந்த மேடையில் ஏறிய ரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா மறுநாள் உயிரோடு இல்லை. ஆனால் அவர் பெயரைச் சுற்றி அதற்கு முந்தைய மாதங்களில் டெல்லி நாடாளுமன்றத்தில் நடந்த சண்டையைச் சொல்லாமல் அந்த மேடைக்குப் போக எனக்கு மனமில்லை. அந்தச் சண்டையின் வேர் நம் புதுச்சேரி மண்ணில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் தாராளமாக இறக்குமதி செய்து பழகிய யானம், மாஹே வியாபாரிகள் சிலர், பழைய கணக்கைக் காட்டி இறக்குமதி லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் இறக்குமதி லைசென்ஸ் என்பது வெறும் காகிதமல்ல, கைமாற்றினாலே லாபம். 1972 கடைசியில் அவர்களுக்காக மத்திய அரசுக்கு ஒரு மனு போனது. அதன் கீழே 21 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்து. லைசென்சும் பின்னர் வந்துசேர்ந்தது. 1974-ல் விஷயம் வெளியே வந்ததும் பெயர் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ‘அது என் கையெழுத்தே அல்ல’ என்றார்கள். மிஞ்சியவர் பீகார் காங்கிரஸ் உறுப்பினர் துல்மோகன் ராம் ஒருவர்தான். மனு போன காலத்தில் வெளிநாட்டு வர்த்தகத் துறை மிஸ்ராவின் கையில் இருந்தது. துல்மோகன் ராம் அவருடைய ஆள் என்பது ஊரறிந்த செய்தி.

சிபிஐ விசாரித்தது. துல்மோகன் ராம் மீது வழக்கும் போட்டது. அரசு அத்தோடு கதையை முடிக்கப் பார்த்தது. அவை விடவில்லை. பின்வரிசை உறுப்பினர் ஒருவர் தனியாளாக நின்று மத்திய அரசிடமிருந்து லைசென்ஸ் வாங்கிவிட முடியுமா? அவருக்குக் கதவு திறந்துவிட்டது யார்? சிபிஐ அறிக்கையை அப்படியே அவையில் வை என்றார்கள் வாஜ்பாய், மது லிமயே, ஜோதிர்மய் பாசு, நம் இரா. செழியன் எல்லாரும். கட்சி வேறு, கொள்கை வேறு. இந்த ஒரு கோரிக்கையில் குரல் ஒன்றாக இருந்தது.

மது லிமயேவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புனே நகரத்துச் சோஷலிஸ்ட். கோவா விடுதலைக்காக 1955-ல் எல்லை தாண்டிப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் அடி வாங்கி, 12 ஆண்டுத் தண்டனை பெற்று, ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தவர். மராட்டியர் என்றாலும் அவரை அவைக்கு அனுப்பியது பீகார். கையில் நடைமுறை விதிகள் புத்தகம் இருந்தால் போதும், அமைச்சர்களுக்கு வியர்க்கும். அமைச்சர் ஓர் அரசு ஆவணத்திலிருந்து அவையில் மேற்கோள் காட்டினால் அந்த ஆவணத்தை மேசையில் வைத்தாக வேண்டும் என்கிறது மக்களவையின் 368-வது விதி. பொதுநலனுக்குக் கேடு என்று அமைச்சர் சொன்னால் வைக்க வேண்டியதில்லை. சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொல்லிவிட்டாலும் வைக்க வேண்டியதில்லை. அறிக்கையை மறைக்க நினைக்கும் எந்த அரசும் இந்த இரண்டு சந்துகளில்தான் நுழையும். அந்தச் சந்துகளை வாசலில் நின்று மறிப்பதில் லிமயேவுக்கு நிகர் அந்த அவையில் கிடையாது. நெருக்கடி நிலையில் மக்களவையின் ஆயுளை நீட்டியபோது, மக்கள் தந்த ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது என்று சிறைக்குள்ளிருந்தே பதவியை எழுதிக் கொடுத்தவர். பதவியை இப்படித் துச்சமாக நினைப்பவனிடம்தான் ஓர் ஆவணத்தைக் கேட்கும் தைரியம் இருக்கும்.

அரசு இரண்டு பதில்களையே மாற்றி மாற்றிச் சொன்னது. சிபிஐ அறிக்கை ரகசியம். வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நேர்மையான விசாரணை வேண்டும். ஆனால் கோர்ட்டில் இருந்தது துல்மோகன் ராம் மட்டுமே. அமைச்சர்களின் பங்கு என்ன என்ற கேள்வி எந்தக் கோர்ட்டிலும் இல்லை. அதைக் கேட்க வேறு இடம் ஏது?

டிசம்பரில் மொரார்ஜி தேசாய் எழுந்தார். 78 வயது. அறிக்கையைத் தராவிட்டால் அவைக்குள்ளேயே சத்தியாகிரகம் என்று அறிவித்தார். மொரார்ஜியின் பிடிவாதத்தைப் பல இடங்களில் குறை சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தில் அதற்குத் தலை வணங்குகிறேன். இந்திரா காந்தி அரசு இறங்கி வந்தது. ஆனால் பாதிப் படிதான். எதிர்க்கட்சித் தலைவர்கள் மட்டும் அறிக்கையைப் படித்துக்கொள்ளலாம், படித்ததை வெளியே சொல்லக்கூடாது. படித்தார்கள். தெரிந்துகொண்டவர்கள் வாயைக் கட்டிவிட்டு, தெரியாதவர்களை அப்படியே விட்ட இந்த ஏற்பாட்டை வெற்றி என்று எழுதும் வரலாற்றாசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுப் போட்டவனுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

சில மாதத்தில் அதே சிபிஐயை அதே அரசு வேறு வேலைக்கு அனுப்பியது. மாருதி விவகாரத்தில் அவை முன்பிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. சஞ்சய் காந்தியின் கார் தொழிற்சாலைக்காக, பன்சிலாலின் ஹரியானா அரசு டெல்லியை ஒட்டிய குர்கானில் விவசாயிகளின் நிலத்தை, கிட்டத்தட்ட 300 ஏக்கர், கையகப்படுத்திக் கொடுத்தது. அதுவும் ராணுவ வெடிமருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில். பிரதமரின் மகனுக்கு இந்த நிலம் எப்படி, என்ன விலைக்குப் போனது என்ற கேள்வி ஆண்டுக்கணக்காக எழுந்தது. 1975 ஏப்ரலில் இன்னொரு கேள்வி வந்தது. முழுக்க உள்நாட்டு இயந்திரத்தால் கார் செய்வதாகச் சொல்லி உரிமம் பெற்ற மாருதிக்கு, இறக்குமதி இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தனவா?

பதில் தயாரிக்க வேண்டியது அதிகாரிகளின் வேலை. நான்கு அதிகாரிகள் விவரம் திரட்டினார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. தொழில்துறை அமைச்சர் டி.ஏ. பையைக் கூப்பிட்டுக் கோபித்த இந்திரா, அந்த அதிகாரிகள் மீது சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டார் என்று பையே பிறகு, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனில் சாட்சி சொன்னார். வீடுகள் சோதனையிடப்பட்டன. வழக்குகள் பாய்ந்தன. இது நடந்தது நெருக்கடி நிலை வருவதற்கு முன்பு! ஜூன் 25-ம் தேதி இரவில்தான் எல்லாம் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இந்த நால்வரின் கதையைப் படிக்க வேண்டும். நாடாளுமன்றம் கேட்டபோது வெளியே வராத சிபிஐ, நாடாளுமன்றத்துக்குப் பதில் எழுதியவன் வீட்டுக் கதவைத் தட்டியது.

இந்தக் கதை நமக்குத் தெரிவதற்கே ஓர் அறிக்கை தேவைப்பட்டது. 1977 மே மாதம் அமைக்கப்பட்ட ஷா கமிஷன், பாட்டியாலா ஹவுஸில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, 1978 ஆகஸ்டுக்குள் மூன்று அறிக்கைகள் தந்தது. நால்வரின் கதை அதில் இருக்கிறது. துருக்மான் கேட்டில் வீடுகளை இடித்த கதை இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் டெல்லியில் மட்டும் இடிக்கப்பட்ட கட்டடங்கள் ஒன்றரை லட்சம் என்ற கணக்கும் இருக்கிறது. 1980-ல் இந்திரா திரும்பி வந்தார். அதன் பிறகு அந்த அறிக்கை கண்ணில் படாமல் போயிற்று. பிரதிகள் திரட்டி அழிக்கப்பட்டன என்பது செழியனின் குற்றச்சாட்டு.

1974-ல் சிபிஐ அறிக்கையைக் கேட்ட அதே செழியன்தான். நெடுஞ்செழியனின் தம்பி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர், கும்பகோணத்திலிருந்து மக்களவைக்குப் போனவர், பொதுக்கணக்குக் குழுவின் தலைவராக அரசுக் கணக்குகளை வரி வரியாக மேய்ந்தவர். மேடையில் முழங்கும் தலைவர்கள் நமக்கு நிறைய உண்டு. இவர் தாளைப் பத்திரப்படுத்தும் தலைவர். தன்னிடம் இருந்த ஷா கமிஷன் பிரதியைக் கொண்டு, 2010-ல், 87 வயதில், முழுவதையும் தொகுத்து மறுபடி அச்சிட்டார். எந்த அரசும் கேட்டு அல்ல. 2017-ல் வேலூரில் அவர் காலமானபோது நம் ஊர் மேடைகளில் இந்தக் காரியத்தை எத்தனை பேர் சொன்னார்கள்? திராவிட இயக்க வரலாற்றில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சமஸ்திபூருக்கு அடுத்த வாரம் போவோம். மிஸ்ரா கொலை வழக்கில் தீர்ப்பு வர 2014 டிசம்பர் ஆகிவிட்டது. அந்த 39 ஆண்டுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

(தொடரும்)