பனியகற்றும் பொறியும் அதன் எஞ்சினும்

வெண்பனியை ஓவியத்திற் காண்போர்க்கு அது அழகு. வீட்டு வாயிலிற் காண்போர்க்கு அது பாரம். புதிதாகப் பெய்த வெண்பனி ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறை கொண்டது. நனைந்து இறுகிவிட்டாலோ அந்நிறை மூன்று நான்கு மடங்காகும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடபாகத்திலும் ஓர் இரவிற் பெய்யும் பனி, விடியுமுன் வீதியையும் வாயிலையும் மூடிவிடுவதுண்டு. கைவாரியொன்றையே துணையாகக் கொண்டு அதனை அள்ளி எறிதல் இளைஞர்க்கே கடினம். முதியோரின் இருதயத்துக்கோ ஆபத்து. இலங்கையிலிருந்து சென்று ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் குடியேறிய தமிழரும் இதனை அநுபவத்தால் அறிந்தவர்களே.

இப்பாரத்தை மனிதனின் தோளிலிருந்து இறக்கி எஞ்சினின் மீது ஏற்றிய வரலாறு புகையிரதப் பாதையிலே தொடங்குகின்றது. 1869 ஆம் ஆண்டில், ரொறன்ரோ நகரத்துப் பல்வைத்தியரான ஜே. டபிள்யூ. எலியட் என்பவர், சுழன்று பனியை அகற்றும் கலப்பையொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். எனினும் அவர் காலத்து முயற்சி முழு அளவில் உருப்பெறவில்லை. 1880களில் ஒன்ராறியோ மாகாணத்தவரான ஒறேஞ்ச் ஜல் என்பார் அதனைத் திருத்தியமைக்க, லெஸ்லி சகோதரர்கள் அதனைச் செய்து முடித்தனர். நீராவியின் வலிமையாற் சுழன்ற அப்பெருஞ்சக்கரம் பனியைப் பாதைக்கு அப்பால் வீசியெறிந்தது.

புகையிரதத்துக்கு வழி பிறந்தது. வீதிக்கு வழி பிறக்கவில்லை. கியூபெக் மாகாணத்திற் பாற்பண்ணைத் தொழிலில் வளர்ந்த ஆதர் சிக்கார் என்பவருக்கு அக்குறை நன்கு தெரியும். பனி வீதியை மறித்தாற் கறந்த பால் சந்தைக்குச் சேராதன்றோ? வயலிலே தானியத்தைச் சூடடிக்கும் பொறியைக் கண்ட இளம் வயதிலேயே அவருள்ளத்தில் ஓர் எண்ணம் முளைத்தது. பல ஆண்டு உழைப்பின் பின், 1925 இல் அவர் தமது பனியகற்றும் வண்டியை உருவாக்கினார். 1927 இல் மொன்றியலை அடுத்த ஊற்றமொன்ற் நகரம் அதனை வாங்கியது. அவ்வண்டியில் ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. லொறியை ஓட்டுவதற்கு ஓர் எஞ்சினும், பனியை எறிவதற்கு வேறோர் எஞ்சினும் அதில் இருந்தன. எறியும் கருவி வேறு, அதற்கு வலுவூட்டும் எஞ்சின் வேறு என்னும் பிரிவு அன்றே அமைந்துவிட்டது.

வீட்டுவாயிலுக்கேற்ற சிறிய பொறி தோன்றுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு சென்றது. மினியாபொலிஸ் நகரத்து டோறோ கொம்பனி 1950களின் தொடக்கத்தில் இத்தகைய பொறிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உழுபொறிகளைச் செய்துவந்த விஸ்கொன்சின் மாநிலத்து ஏரியன்ஸ் கொம்பனி 1960 இல் அத்துறையிற் புகுந்தது. இக்கொம்பனிகள் உருக்குத் தகட்டாலான வாயையும், பனியை நடுவே சேர்க்கும் சுருள் அலகையும், அதனை வெளியே வீசும் விசிறியையும் செய்தன. எஞ்சினையோ பெரும்பாலும் பிறரிடம் வாங்கின. மில்வோக்கியில் 1908 இல் தோன்றிய பிறிக்ஸ் அன்ட் ஸ்ராற்றன், 1953 இல் அலுமினியத்தால் வார்க்கப்பட்ட இலேசான எஞ்சினை வெளியிட்டது. மிச்சிகன் மாநிலத்து ரெக்கம்சே கொம்பனி 1956 இல் லோசன் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கி அதற்குப் போட்டியாக எழுந்தது. குளிர்கால எஞ்சின்களில் ரெக்கம்சேயின் பெயரே பன்னெடுங்காலம் முன்னின்றது.

குளிர்கால எஞ்சின் ஏனையவற்றினின்றும் சிறிது வேறுபட்டது. வெண்பனியிற் புழுதியில்லை, வடிகட்டியை வைத்தாலோ ஈரம் அதில் உறைந்து காற்றை அடைக்கும். ஆகவே காற்று வடிகட்டி பொதுவாக வைக்கப்படுவதில்லை. பெற்றோலும் காற்றும் கலக்கும் காபுரேற்றர் உறையாதிருக்க, புகைபோக்கியின் வெப்பம் படும்படி அது ஒரு பெட்டியால் மூடப்படும். கையுறையுடன் பிடிப்பதற்காகத் திருகுபிடிகள் பெரியனவாக அமையும்.

உருக்காலான உடல் நன்கு பேணப்பட்டால் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும். உள்ளே ஓயாது வெடித்தெரியும் எஞ்சினோ அதற்கு முன்பே தேய்ந்துவிடும். உதிரிப்பாகம் கிடைக்கும்வரை கவலையில்லை. ரெக்கம்சே கொம்பனி தன் எஞ்சின் தொழிலை 2007 இல் விற்றது. 2008 இன் முடிவில் அவ்வெஞ்சின்களின் உற்பத்தி நின்றது. எண்ணற்ற வீடுகளின் கொட்டில்களில் உடல் நன்றாகவும் எஞ்சின் நொந்தும் நின்ற பொறிகளை இனி என் செய்வது? பழைய இரும்புக்காரனிடம் கொடுப்பதா? வேறோர் எஞ்சினைப் பூட்டுவதா?

இவ்வினாவிற்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. யப்பானின் ஹொண்டா கொம்பனி 1983 இல் வெளியிட்ட ஜீ.எக்ஸ். வரிசை எஞ்சின்கள், வால்வுகளை உருளையின் தலைமேற் கொண்டவை. நீர் இறைக்கும் பம்பிகளிலும் மின்பிறப்பாக்கிகளிலும் அவை உலகெங்கும் பரவின. பின்னர் சீனத் தொழிற்சாலைகள் அவற்றின் அமைப்பைப் பின்பற்றி மலிவான எஞ்சின்களைப் பெருமளவிற் செய்தன. இவ்வாறு அடித்தளத் துளைகளின் இடைவெளியும் தண்டின் அளவும் எழுதப்படாத பொதுவிதியாயின.

ஆயினும் பழையதையும் புதியதையும் ஒப்பிடுவோர் பரிவலுவை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. ஐக்கிய அமெரிக்காவிற் புல்வெட்டும் பொறிகளின் எஞ்சின்களுக்குப் பரிவலு மிகைப்படுத்திக் கூறப்பட்டதெனத் தொடுக்கப்பட்ட வழக்கு 2010 இல் இணக்கத்தில் முடிந்தது. இன்று பல எஞ்சின்களில் உருளையின் கொள்ளளவும் முறுக்குவிசையுமே பொறிக்கப்படுகின்றன. 5 பரிவலுவுள்ள பழைய எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 200 கன சென்ரிமீற்றர். அதன் இடத்தில் 212 கன சென்ரிமீற்றர் கொண்ட புதிய எஞ்சின் நன்கு பொருந்தும். அடுத்து நோக்கவேண்டியது தண்டின் விட்டம். சிறியவற்றில் அது முக்கால் அங்குலம். பெரியவற்றில் ஓர் அங்குலம். தண்டின் நீளமும், அடித்தளத்திலிருந்து அதன் உயரமும் மாறினால், வாரும் கப்பியும் நேர்கோட்டில் நில்லா.

யாவற்றினும் பெரிய தடை இரட்டைத் தண்டு. பழைய ரெக்கம்சே எஞ்சின்கள் சிலவற்றில், பிரதான தண்டு சுருள் அலகைச் சுழற்ற, வால்வுகளை இயக்கும் தண்டின் நீட்சி சில்லுகளை ஓட்டிற்று. அவ்விரண்டாம் தண்டு பாதி வேகத்தில், எதிர்த் திசையிற் சுழல்வது. ஒற்றைத் தண்டுள்ள புதிய எஞ்சினைப் பூட்டி, இரு கப்பிகளையும் அதிலேயே மாட்டிவிட்டால், முன்னே செல்லவேண்டிய பொறி இரு மடங்கு வேகத்திற் பின்னே வந்து ஆளையே தள்ளும். வேகத்தைக் குறைத்துத் திசையையும் திருப்பும் இணைப்பில்லாத இடத்து, அம்மாற்றம் ஆபத்தானது.

கொம்பனிகள் தோன்றும், மறையும். அவை செய்த பொருளின் ஆயுள், செய்தவரின் ஆயுளோடு முடிந்துபோக வேண்டியதில்லை. நான்கு துளைகளின் இடைவெளியும் ஒரு தண்டின் விட்டமும் பலர்க்கும் பொதுவாக அமைந்தமையால், கைவிடப்பட்ட பொறிகள் பல மீண்டும் பனியை எறிகின்றன. தனக்கெனத் தனியளவு வகுத்துக்கொண்ட இரட்டைத் தண்டோ, செய்தவன் மறைந்ததும் துணையின்றி நின்றது. பொது அளவே பொருளுக்கு நீண்ட ஆயுளைத் தருவது என்பதற்கு இச்சிறு எஞ்சினின் வரலாறு போதிய சான்றாகும்.