அப்டேட் முடிந்ததும் லேப்டாப் தகராறு செய்கிறதா? பழுதான சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்வது எப்படி?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. ஹைதராபாத் விமான நிலையத்தில் கொல்கத்தா செல்லவிருந்த இண்டிகோ பயணி ஒருவருக்குக் கிடைத்த போர்டிங் பாஸ், பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அந்தப் படம் அன்று இந்தியா முழுக்க வைரலானது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்று காலை உலகம் முழுவதும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி நின்றுபோயின. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்தான் காரணம். 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதற்கான தீர்வு மிகச் சிறியது. கணினியை சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபோல்டருக்குள் போய், 291 என்ற எண் கொண்ட ஒரு ஃபைலை அழித்தால் போதும். ஐந்து நிமிட வேலை. ஆனால் பல அலுவலகங்களில் இது நாள்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு கணினியையும் ஒருவர் நேரில் தொட வேண்டியிருந்தது ஒரு காரணம். இன்னொன்று, டிஸ்க்கைத் திறக்கத் தேவையான பிட்லாக்கர் ரெகவரி கீ. பல இடங்களில் அதைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

உங்கள் லேப்டாப்புக்கும் இதே கதைதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறியிருக்கிறோம். மாறிய பிறகு சிஸ்டம் ஃபைல் பழுதானால், பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடலாம். உங்கள் டேட்டா பத்திரமாக இருக்குமா என்பது, ரிப்பேரைத் தொடங்கும் முன் நீங்கள் செய்யும் இரண்டு வேலைகளைப் பொறுத்தது.

சிஸ்டம் ஃபைல் பழுதாவது என்றால் என்ன?

விண்டோஸ் இயங்கத் தேவையான ஆயிரக்கணக்கான ஃபைல்கள் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. அவற்றின் மூலப் பிரதிகள் 'காம்பொனென்ட் ஸ்டோர்' என்ற தனிக் கிடங்கில் இருக்கும். அப்கிரேடு நடக்கும்போது இந்தக் கிடங்கும் ஃபைல்களும் சேர்ந்தே மாற்றப்படுகின்றன. அந்த வேலை பாதியில் அறுந்தால், சில ஃபைல்கள் புதியதாகவும் சில பழையதாகவும், சில அரைகுறையாகவும் நின்றுவிடும்.

ஏன் அறுகிறது? வெள்ளிக்கிழமை மாலை சார்மினார் எக்ஸ்பிரஸைப் பிடிக்கிற அவசரத்தில், அப்டேட் ஓடும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுப் போவது ஒரு காரணம். டிஸ்க்கில் இடம் இல்லாமல் போவது, வயதான எஸ்எஸ்டி, பழுதான ரேம், புதிய பதிப்புக்குப் பொருந்தாத டிரைவர், இடையில் புகுந்து தடுக்கும் ஆன்டிவைரஸ் ஆகியவை மற்ற காரணங்கள்.

அறிகுறிகள் எப்படி இருக்கும்? ஸ்டார்ட் மெனு திறக்காது. செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். அடுத்த அப்டேட் ஒவ்வொரு முறையும் பிழை எண் காட்டித் தோற்கும். அடிக்கடி நீலத் திரை வரும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது கறுப்புத் திரை. இதில் ஏதாவது ஒன்று மட்டும் ஒரே ஒரு தடவை வந்தால், முதலில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்கிரேடுக்குப் பிறகு சில வேலைகள் அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் முடியும்.

முதலில் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

ஒன்று, ரெகவரி கீ. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே இயக்கப்பட்டிருக்கும். நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். ரிப்பேர் திரைக்குப் போனதும் 48 இலக்க எண்ணைக் கேட்கும்போதுதான் தெரியவரும். சொந்த லேப்டாப் என்றால், போனிலோ வேறு கணினியிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸ் பகுதியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காகிதத்தில் எழுதிவையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது மாதிரி.

இரண்டு, பேக்கப். லேப்டாப் இன்னும் திறக்கிறது என்றால், முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ இப்போதே நகலெடுங்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவற்றை மறக்காதீர்கள். சான்றிதழ் ஸ்கேன், வாடகை ஒப்பந்தம், ஃபார்ம் 16 எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆபீஸ் லேப்டாப்பா? அப்படியானால் இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் ஐடி குழுவுக்கு டிக்கெட் போடுங்கள். கீ அவர்களிடம்தான் இருக்கும். அட்மின் அனுமதியும் அவர்களுக்குத்தான். நீங்களாகக் கை வைத்தால் கம்பெனி விதிமீறலாகவும் ஆகலாம்.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் சரியாக ஓடவில்லை: என்ன செய்வது?

இதற்கு விண்டோஸிலேயே இரண்டு கருவிகள் இருக்கின்றன: டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி. வரிசை முக்கியம். கிடங்கைச் சரிசெய்வது டிஐஎஸ்எம். அந்தக் கிடங்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்து, பழுதான ஃபைலுக்குப் பதிலாக வைப்பது எஸ்எஃப்சி. கிடங்கே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி-யால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் டிஐஎஸ்எம்.

தொடங்கும் முன் சார்ஜரை மாட்டுங்கள், இன்டர்நெட்டை இணையுங்கள். ஸ்டார்ட் மெனு தேடலில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்று தேடி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புச் சாளரம் திறக்கும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். சாய்கோடு என்பது கேள்விக்குறி உள்ள அதே கீ.

முதல் கட்டளை: டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப்-இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரீஸ்டோர்ஹெல்த். கிளீனப், இமேஜ் இரண்டுக்கும் நடுவில் சிறுகோடு வேண்டும். ரீஸ்டோர்ஹெல்த் ஒரே சொல். சாய்கோட்டுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே இடைவெளி கூடாது. என்டர் தட்டியதும் சதவீதம் ஏறத் தொடங்கும். நடுவில் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

நல்ல ஃபைல்களை இந்தக் கருவி வழக்கமாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கும். அப்டேட் சேவையே பழுதாகியிருந்தால், மூல ஃபைல்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லும். அப்போது மனம் தளர வேண்டாம். கீழே சொல்லும் 'மேலேயே மீண்டும் நிறுவுதல்' முறைக்குப் போகலாம்.

இரண்டாவது கட்டளை: எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். ஸ்கேன்நவ் ஒரே சொல். முடிந்ததும் பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் வரும்.

'பழுது எதுவும் இல்லை' என்றால், சிக்கல் விண்டோஸ் ஃபைல்களில் இல்லை. டிரைவரிலோ வேறு மென்பொருளிலோ வன்பொருளிலோ இருக்கலாம். 'பழுது இருந்தது, சரிசெய்துவிட்டேன்' என்றால் ரீஸ்டார்ட் செய்து, இன்னொரு முறை ஓட்டி உறுதி செய்யுங்கள். 'சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை' என்றால், டிஐஎஸ்எம் கட்டளையை மறுபடி ஓட்டிவிட்டு, எஸ்எஃப்சி-யை மீண்டும் ஓட்டுங்கள்.

முதல் பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். எஸ்எஃப்சி பார்ப்பது மைக்ரோசாஃப்டின் பாதுகாக்கப்பட்ட ஃபைல்களை மட்டும்தான். 2024-இல் உலகத்தை நிறுத்திய அந்த ஃபைல் கிரவுட்ஸ்ட்ரைக்குடையது. அதை எஸ்எஃப்சி கண்டுபிடித்திருக்காது. ஆகவே 'பழுது இல்லை' என்ற பதில் வந்தும் நீலத் திரை தொடர்ந்தால், அப்கிரேடுக்கு முன் நீங்கள் போட்ட ஆன்டிவைரஸ், விபிஎன், பழைய பிரின்டர் மென்பொருள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். டிரைவர்களை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

சரிசெய்த ஃபைல் சில நாளில் மறுபடி கெடுகிறதா? அப்போது சந்தேகம் டிஸ்க் மீதும் ரேம் மீதும் திரும்ப வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் ரேமைச் சோதிக்கும். டிஸ்க்குக்கு செக்டிஸ்க் கருவி உண்டு. எஸ்எஸ்டி சாகும் நிலையில் இருந்தால் எந்த மென்பொருள் ரிப்பேரும் நிற்காது. உடனே பேக்கப் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி.

விண்டோஸ் திறக்கவே இல்லை: அப்போ என்ன பண்றது?

விண்டோஸ் லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை ரிப்பேர் திரை தானாக வரும். சாதாரண நாளில் செய்யக்கூடாத வேலை இது. வேறு வழி இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். அங்கே 'ட்ரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் பல வழிகள் இருக்கும். குறைவான சேதத்திலிருந்து தொடங்கி, இந்த வரிசையில் போங்கள்.

ஸ்டார்ட்அப் ரிப்பேர்: தொடக்கச் சிக்கல்களைத் தானே தேடிச் சரிசெய்யும். உங்கள் ஃபைல்களைத் தொடாது.

அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்: மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு சிக்கல் தொடங்கியிருந்தால், அதை மட்டும் கழற்றலாம்.

சிஸ்டம் ரீஸ்டோர்: முன்பு சேமித்த ஒரு நிலைக்கு விண்டோஸைத் திருப்பும். ஆவணங்களும் படங்களும் அப்படியே இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மென்பொருள்கள் போய்விடும்.

சேஃப் மோட்: 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாகப் போகலாம். அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும். இங்கே பேக்கப் எடுக்கலாம், தொல்லை தரும் மென்பொருளை நீக்கலாம், எஸ்எஃப்சி-யையும் ஓட்டலாம்.

10 நாள் கெடு

பெரிய அப்கிரேடுக்குப் பிறகு பழைய பதிப்பு 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டரில் 10 நாள் இருக்கும். அந்தக் காலத்துக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, 'கோ பேக்' என்று போய் பழைய பதிப்புக்கே திரும்பலாம். இடம் அடைக்கிறதே என்று அந்த ஃபோல்டரை அவசரப்பட்டு அழித்தால் இந்த வழி மூடிவிடும். அப்கிரேடு செய்த முதல் வாரத்திலேயே பிரின்டர், வெப்கேம், விபிஎன், டிஜிட்டல் கையெழுத்து எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

எதுவும் பலிக்கவில்லை என்றால்?

'மேலேயே மீண்டும் நிறுவுதல்' என்பது பலருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் பயனுள்ள வழி. இப்போதுள்ள விண்டோஸ் 11 பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி பக்கத்தில் 'விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கலைச் சரிசெய்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் 'ரீஇன்ஸ்டால் நவ்' பட்டன். இது சிஸ்டம் ஃபைல்களை முழுதாகப் புதிதாக வைக்கும். உங்கள் ஃபைல், மென்பொருள், செட்டிங்ஸ் மூன்றும் அப்படியே இருக்கும். அந்த வழி வேலை செய்யாவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, அதிலுள்ள செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுக்கலாம்.

அதற்கும் பிறகுதான் 'ரீசெட் திஸ் பிசி'. இதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று கொடுத்தால் ஃபைல்கள் தங்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் பெயருக்கேற்றபடி எல்லாமே போய்விடும்.

கடைக்குக் கொண்டுபோகிறீர்களா? செகந்திராபாத் சிடிசி ஆனாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆனாலும், 'ஃபார்மட் பண்ணிடலாமா?' என்ற கேள்வி எங்கேயும் வரலாம். 'முதலில் டேட்டாவை எடுத்துக்கொடுங்கள், அப்புறம் ஃபார்மட்' என்று சொல்லுங்கள். முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அங்கேயும் அந்த 48 இலக்க எண் தேவைப்படும்.

எதையெல்லாம் செய்யக்கூடாது?

காணாமல்போன டிஎல்எல் ஃபைலை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி ஒட்டாதீர்கள். அது வேறு பதிப்பாகவோ மால்வேராகவோ இருக்கலாம். 'ஒரே கிளிக்கில் சரிசெய்யும்' ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் வேண்டாம்.

திரையில் திடீரென போன் நம்பரோடு எச்சரிக்கை வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. இப்படிப்பட்ட போலி டெக் சப்போர்ட் கும்பல்கள் மீது 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சிபிஐ நாடு முழுவதும் சோதனை நடத்தியது. ரிமோட் ஆப் போடச் சொல்லிப் பணம் பறித்துவிட்டார்கள் என்றால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது உங்கள் லேப்டாப் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் இன்று செய்ய ஒரே ஒரு வேலைதான்: ரெகவரி கீ எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து எழுதிவையுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. லேப்டாப் திறக்காத நாளில் தேடினால், எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது.