நெற்றியில் கட்டிய நீலத்துணி

எங்க காலனி படிப்பகத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி 'ஜெய்பீம் காம்ரேட்' போட்டோம். ஆனந்த் பட்வர்த்தன் பதினான்கு வருஷம் எடுத்து 2011இல் முடித்த ஆவணப்படம். தலித் அல்லாதவர் எடுத்தது. நம்ம சாவைப் பற்றி இவர் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறார் என்ற சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தேன்.

1997 ஜூலை 11. மும்பை காட்கோபரில் ரமாபாய் நகர். விடிந்ததும் பார்த்தால் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை. நியாயம் கேட்டு ரோட்டுக்கு வந்த சனங்களை ரிசர்வ் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அதற்குப் பதினோரு நாள் முன்னாடிதான் இங்கே மேலவளவில் ஆறு பேரை வெட்டிச் சாய்த்திருந்தார்கள்.

டேங்கர் லாரியைக் கொளுத்த வந்தார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். லாரி நின்ற இடம் வேறு, சுட்ட இடம் வேறு என்று படம் காட்டுகிறது. சுடச் சொன்ன அதிகாரிக்கு 2009இல் ஆயுள் தண்டனை விழுந்தது. ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்.

பாடகர் விலாஸ் கோக்ரே நான்காம் நாள் தன் குடிசையில் தூக்குப் போட்டுக்கொண்டார். இடதுசாரி மேடைகளில் வருஷக்கணக்காகப் பாடியவர். சாகும்போது தலையில் கட்டியிருந்தது நீலத்துணி. சிவப்புக்காகப் பாடியவர் ஏன் நீலத்தில் செத்தார்? படத்தின் வேர் இந்தக் கேள்விதான்.

எனக்கு நெஞ்சை அடைத்தது. நானும் 'தோழர்' என்று அழைக்கப்பட்டவன். கூட்டம் சேர்க்கப் பறையடிக்க நாங்க, மைக் பிடித்துப் பேச அவங்க. சேரிப் பிரச்சினையை எடுத்தால், 'அது வர்க்கப் பிரச்சினை தோழர்' என்று வாயடைத்த கூட்டங்கள் எத்தனை! ஜெய்பீமையும் காம்ரேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தலைப்பு ஒற்றுமை கோஷமல்ல, விசாரணை.

படத்தில் வரும் புனே கபீர் கலா மஞ்ச் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே பாடுகிறார்கள். அவர்களையும் போலீஸ் தேடியது. 2013இல் ஷீத்தல் சாத்தே வயிற்றில் பிள்ளையோடு சட்டமன்ற வாசலில் வந்து நின்று கைதானார். பாட்டு நிற்கவில்லை.

படம் முடிந்ததும் ஒரு பெரியம்மா கேட்டார்: "தம்பி, அந்தப் பாட்டுக்காரரையாச்சும் ஒருத்தர் படம் புடிச்சு வெச்சாரு. நம்ம பாட்டையெல்லாம் யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

எடுத்தவர் யார் என்ற என் சந்தேகம் அங்கேயே என் பக்கம் திரும்பிவிட்டது. எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். அவர் பாடும் ஒப்பாரியில் ஒரு வரிகூட என்னிடம் எழுத்தில் இல்லை. மறுநாள் நோட்டோடு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.