மேற்பார்வையும் மனுவும்: லாக்கப், கிளைச் சிறை குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை



லாக்கப்பையும் கிளைச் சிறையையும் மேற்பார்வை செய்ய ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிலையத்தை ஆய்வு செய்ய மேலதிகாரி இருக்கிறார். ரிமாண்ட் செய்ய நடுவர் இருக்கிறார். உடலைப் பரிசோதிக்க அரசு மருத்துவர் இருக்கிறார். சிறைக்குப் பார்வையாளர் குழு இருக்கிறது. இத்தனை பேர் இருந்தும் உள்ளே போன மனிதர் பிணமாக வெளியே வருவது எப்படி? இந்தக் கேள்வியோடுதான் நாம் வரலாற்றைப் புரட்டுகிறோம்.

1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தின் பின், சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க மூவர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1855இல் அறிக்கை வந்தது. நேரிலும் கடிதத்திலுமாக 1,959 புகார்கள் அதற்கு வந்திருந்தன. நெடுந்தூரம் நடந்து வந்து முறையிட்டவர்களும் உண்டு. விரல்களை நெரிக்கும் கிட்டியும், ஆளைக் குனியவைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாளும் நம் மொழிச் சொற்களாகவே அந்த ஆங்கில அறிக்கையில் ஏறின. வரி வசூலிக்கும் தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்தது. அடித்தவரிடமே போய்ப் புகார் சொல்ல வேண்டிய நிலை. அறிக்கை உள்ளூர் ஊழியர்களைக் குற்றம் சாட்டியது. வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றியது. புகார்களில் பெரும்பாலானவை நிலவரி பற்றியவை. அப்படியானால் பட்டாவே இல்லாத பண்ணையாளின் குரல் அந்தக் கட்டுகளில் எவ்வளவு இடம்பெற்றிருக்கும்? நாம் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

1859இல் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிந்தது. 1894இல் சிறைச் சட்டம் வந்தது. சிறைகளுக்குப் பார்வையாளர்களை நியமிக்க விதிகள் செய்ய அது வழிவிட்டது. ஆனால் 'சிறை' என்ற சொல்லுக்கு விளக்கம் தந்த இடத்திலேயே, போலீஸின் பொறுப்பில் மட்டும் கைதிகளை வைத்திருக்கும் இடம் சிறை ஆகாது என்று விலக்கிவிட்டது. அடி விழும் முதல் அறை, பார்வையாளரின் காலடி படாத அறையாகச் சட்டத்திலேயே ஒதுக்கப்பட்டது.

லாக்கப்பைப் பார்க்க மறுத்த அரசின் கண் மக்களைப் பார்க்கத் தவறவில்லை. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் கைரேகைப் பதிவுக்கும் போலீஸ் கண்காணிப்புக்கும் உள்ளாயின. சட்டம் போனது, போலீஸின் சந்தேகம் போகவில்லை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர். அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். மனைவி பார்வதியின் ஆட்கொணர்வு மனுதான் அந்தப் பொய்யை உடைத்தது. அவர் அடித்துக் கொல்லப்பட்டது பின்னர் நிரூபணமானது, போலீஸார் தண்டிக்கப்பட்டனர். எந்த மேலதிகாரியின் ஆய்வுக் குறிப்பும் இதைச் செய்யவில்லை.

அடுத்து வந்த பாதுகாப்புகளின் கதையும் இதுவே. காவல் மரணங்கள் பற்றி மேற்கு வங்கத்திலிருந்து டி.கே.பாசு 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவானது. கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்ற விதிகள் 1996இல் அதிலிருந்து பிறந்தன.

விதிகள் இருந்தும் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். அரசு மருத்துவர் சான்று தந்தார். நடுவர் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறை அவர்களை ஏற்றுக்கொண்டது. மூன்று வாசல்களிலும் அரசு நின்றது. ஒரு வாசலும் அவர்களைத் தடுத்துக் காப்பாற்றவில்லை. 22ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் தந்தையும் இறந்தனர். மக்கள் தெருவில் இறங்கினர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமாக வழக்கெடுத்தது. விசாரணைக்குப் போன நடுவருக்கே நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை. எனவே நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா இருந்தது, அதன் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், லாக்கப் உட்பட ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாத நிலையில் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

சிறைக்குள்ளும் சாதி உண்டு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகள் சாதிவாரியாகத் தனித்தனியே வைக்கப்பட்டதும், மோதலைத் தவிர்க்கவே அப்படி என்ற சமாதானமும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பு வந்தது. ஒழுங்கைக் காக்கச் சாதிப் பிரிவினை வழியல்ல என்றது. சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை ரத்து செய்தது. கைதிப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து தொடர்ந்து ஆய்வு செய்யவும் பணித்தது.

1855 முதல் 2024 வரை ஒன்று மாறவில்லை. மேற்பார்வை ஒவ்வொரு முறையும் அசைந்தது வெளியிலிருந்து ஒரு மனு வந்ததால்தான். நடந்து வந்தவரின் முறையீடு, ஒரு மனைவியின் ஆட்கொணர்வு மனு, ஒரு கடிதம், ஒரு பத்திரிகையாளரின் வழக்கு. மனு இல்லாதபோது பதிவேடுகளில் எல்லாம் சரியாகவே இருந்தன.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

ஆகவே தோழர்களே, நம் மாவட்டத்துப் பார்வையாளர் குழுவில் அலுவல்சாரா உறுப்பினர் யார், குழு கடைசியாக எப்போது உள்ளே போனது, என்ன எழுதியது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். சாதிப் பத்தி நீங்கிவிட்டதா என்று கேட்போம். நம் காவல் நிலையக் கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்போம். ஒருவர் இறந்த பிறகு எழுதும் மனுவை, அவர் உயிரோடிருக்கும்போதே எழுதுவோம்.