எம். பழனிக்குமார்

எம். பழனிக்குமார் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும் ஆவணப்பட ஒளிப்பதிவாளரும் ஆவார். கையால் மலம் அள்ளும் தொழிலையும் அதன் அடிப்படையான சாதி ஒடுக்குமுறையையும் ஒளிப்படங்களாகப் பதிவு செய்ததற்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

மதுரை மாவட்டம் அலங்காநல்லூருக்கு அருகிலுள்ள ஜவகர்லால்புரம் இவரது சொந்த ஊர். தாயார் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். பொறியியல் பயின்ற பழனிக்குமார் 2013-இல் கடன் வாங்கி முதல் ஒளிப்படக் கருவியை வாங்கினார். தாயாரின் உழைப்பே இவரது தொடக்கக் காலப் படங்களின் பொருளானது.

கக்கூசு

திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளிவந்த கக்கூசு ஆவணப்படத்துக்கு இவர் ஒளிப்பதிவு செய்தார். கையால் மலம் அள்ளுவதற்குத் தடை விதிக்கும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் இயற்றப்பட்டும் தமிழகத்தில் அத்தொழில் தொடர்வதை இப்படம் காட்டியது. பல இடங்களில் இதன் திரையிடலுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது.

இப்பணிக்குப் பின்னரும் மலக்குழிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் நச்சு வளி தாக்கி இறந்தோரின் வீடுகளுக்கு இவர் தொடர்ந்து சென்றார். செய்தித்தாள்களில் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறும் இச்சாவுகளை, பின்தங்கி நிற்கும் மனைவி, மக்களின் முகங்கள் வழியாகக் காட்டியதே இவரது படங்களின் தனித்தன்மை எனலாம். தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பற்றி 'நானும் ஒரு குழந்தை' என்ற கண்காட்சியை நடத்தினார். இத்தகைய இறப்புகளுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டைப் பெறக் குடும்பங்கள் அலைய நேர்வதும், இறந்தவர் செய்த வேலையே மறுக்கப்படுவதும் உண்டு என்பதால், இப்படங்களுக்குச் சான்றாவணம் என்ற மதிப்பும் இருக்கிறது.

பிற பணிகள்

பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தில் (பாரி) பழனிக்குமார் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றினார். இராமநாதபுரம் கடற்கரையில் மூச்சடக்கிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைப் பற்றிய அவரது தொகுப்பு இக்காப்பகத்தில் வெளிவந்தது. வடசென்னை வியாசர்பாடி போன்ற பகுதிகளின் இளைஞர்களுக்கு ஒளிப்படப் பயிற்சியும் அளித்தார். வெளியிலிருந்து வருவோர் குற்றச் செய்திகளுக்காக மட்டுமே படமெடுத்துச் செல்லும் தெருக்களை அங்கு வாழ்வோரே படமெடுத்தனர்.

விருதுகள்

2022-இல் முதலாவது தயாநிதா சிங்-பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றார். ஒளிப்படக் கலைஞர் தயாநிதா சிங், தமக்கு அவ்வாண்டு ஆசல்பிளாடு விருது கிடைத்ததைத் தொடர்ந்து, 2 இலட்சம் ரூபாய் பரிசுடன் இவ்விருதை நிறுவினார்.