சாவியும் சுருளும்: பழைய ஃபிலிம் கேமரா வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு

1921 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பின மக்களின் பகுதியை வெள்ளையர் கும்பல் தீ வைத்து அழித்தது. ஏறக்குறைய 35 தெருத் தொகுதிகள் சாம்பலாயின. எரிகிற வீடுகளையும் கிடந்த உடல்களையும் கேமராக்கள் படம் பிடித்தன. அந்தப் படங்களில் பல தபால் அட்டைகளாக அச்சாகி விற்பனைக்கு வந்தன. படுகொலையை நினைவுப் பொருளாக வாங்கி உறவினருக்கு அனுப்ப ஆள் இருந்தது என்பதுதான் இதன் பொருள்.

சில ஆண்டுகளிலேயே அதே கிரீன்வுட்டில் வேறொரு கேமரா ஓடியது. அதை வைத்திருந்தவர் சாலமன் சர் ஜோன்ஸ். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1869இல் பிறந்தவர். பாப்டிஸ்ட் போதகர், வியாபாரி. 1924 முதல் 1928 வரை ஓக்லஹோமாவின் கறுப்பின ஊர்களில் அவர் எடுத்த 29 சுருள்கள் இன்று கிடைக்கின்றன. ஆராதனை முடிந்து வெளியே வரும் மக்கள், ஆற்றில் ஞானஸ்நானம், பள்ளிப் பிள்ளைகள், அணிவகுப்பு, சவ அடக்கம், கறுப்பின முதலாளிகளின் கடைகளும் எண்ணெய்க் கிணறுகளும், அடிமைத்தளை அறுந்த நாளைக் கொண்டாடும் ஜூன்டீன்த் விழா எனப் பலவும் அவற்றில் உண்டு. ஊரை எரித்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் பார்க்க விரும்பாத காட்சிகள் அவை. அவற்றை யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம் பாதுகாக்கிறது. 2016இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். ஜோன்ஸ் சினிமாக்காரர் அல்ல. ஓய்வு நேரத்தில் படம் எடுத்த அமெச்சூர்.

தோழர்களே, இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கி குறும்படமோ அனிமேஷனோ செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் மாணவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் இந்தக் கருவிகள் யாருக்காகச் செய்யப்பட்டன, யார் கையில் எப்படி வேலை செய்தன என்று தெரிந்தால் மாடலைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

வீட்டில் படம் எடுக்கும் பழக்கம் 1923இல் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் ஃபிலிமைக் கொண்டு வந்ததோடு பரவியது. அதற்கு முன் இருந்த 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது, சட்டென்று தீப்பிடிக்கும். 16 மில்லிமீட்டர் ஃபிலிமோ எளிதில் தீப்பற்றாத அசிட்டேட். நெகட்டிவ், பாசிட்டிவ் என்று இரண்டு வேலை இல்லாமல், கேமராவில் ஓடிய சுருளையே கழுவித் திரையில் ஓட்டலாம். செலவு பெரிதும் குறைந்தது. குறைந்தது என்றாலும் யாருக்கு? கேமரா, முக்காலி, புரொஜெக்டர், திரை எல்லாம் சேர்ந்த முதல் தொகுப்பின் விலை 335 டாலர். அந்தக் காலத்தில் ஃபோர்டு மாடல் டி காரே 300 டாலருக்குப் பக்கத்தில் கிடைத்தது. விளம்பரங்கள் குடும்பம், குழந்தை, விடுமுறை என்று பேசின. வசதியான வெள்ளைக் குடும்பம்தான் அவர்கள் மனதில் இருந்த வாடிக்கையாளர். ஜோன்ஸ் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்ததில் அவருடைய வியாபாரத்துக்கும் பங்கு இருந்திருக்கும். சமூகத்துக்குள்ளேயே வர்க்கம் இருக்கிறது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

காசு இல்லாதவருக்கு என்ன நடந்தது என்பதற்கு சோரா நீல் ஹர்ஸ்டனைப் பார்க்கலாம். எழுத்தாளர், ஃபிரான்ஸ் போவாஸிடம் மானுடவியல் படித்த கறுப்பினப் பெண். 1927 டிசம்பரில் சார்லட் ஆஸ்குட் மேசன் என்ற பணக்கார வெள்ளைப் பெண்மணியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மாதம் 200 டாலர், ஒரு கார், ஒரு சினிமா கேமரா. பதிலுக்கு, தென் மாநிலங்களில் அவர் சேகரிக்கும் கதைகள், பாடல்கள், பதிவுகள் எல்லாம் மேசனுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. அந்தக் கேமராவால் ஹர்ஸ்டன் குழந்தைகளின் விளையாட்டுகளைப் படம் பிடித்தார். 1860இல் க்ளோடில்டா கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட கட்ஜோ லூயிஸை, அலபாமாவில் அவருடைய முதிய வயதில் பதிவு செய்தார். கண் ஹர்ஸ்டனுடையது, உழைப்பு ஹர்ஸ்டனுடையது, மக்கள் ஹர்ஸ்டனுடைய மக்கள். சுருள் மட்டும் வேறொருவருடையது. நிதி தருகிறவர் பெயர் போட்ட பேனருக்குக் கீழே நின்று வேலை பார்த்திருக்கும் என்னைப் போன்ற சமூகப் பணியாளர்களுக்கு இந்த ஒப்பந்தம் புதிதாகத் தெரியாது.

இனி கருவிக்கு வருவோம். கோடாக்கின் முதல் 16 மில்லிமீட்டர் கேமராவை நொடிக்கு இரண்டு சுற்று வீதம் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முக்காலி இல்லாமல் நடக்காது. அதே 1923இல் பெல் அண்ட் ஹோவெல் கொண்டு வந்த ஃபில்மோ 70 ஸ்பிரிங்கில் ஓடியது. சாவி கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும், கூட்டத்துக்குள் நடந்து போகலாம். 1935இல் சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் போலெக்ஸ் எச்16ஐ வெளியிட்டது. அதுவும் ஸ்பிரிங்தான், 24 ஃபிரேம் வேகத்தில் ஒரு சாவிக்கு அரை நிமிடம் ஓடினாலே அதிகம். பேட்டரி வேண்டாம். தொண்ணூறு வருடம் பழைய எந்திரம் இன்றும் ஓடுவதற்கு அதுவே காரணம்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மலிவாக்கும் வேலை. 1932இல் 8 மில்லிமீட்டர் வந்தது. 1965இல் சூப்பர் 8 வந்தது: 50 அடி ஃபிலிமை பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் அடைத்துக் கொடுத்தார்கள். சொருகினால் போதும், இருட்டறை வேண்டாம், மூன்று நிமிடம் இருபது நொடி ஓடும். பலருக்கு முதல் முறையாகக் கேமரா எட்டியது. ஆனால் வசதியோடு சில தீர்மானங்களும் நம் கையைவிட்டுப் போயின. வெளிச்சத்தைக் கேமராவே அளந்து அப்பெர்ச்சரைத் தானே திறந்து மூடியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு முகம் தெரியாது, சுவர் தெரியாது. முன்னால் இருப்பதையெல்லாம் சேர்த்து நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் கறுத்த தோல் உள்ள ஒருவரை நிறுத்துங்கள். மீட்டர் சுவரைப் பார்த்துப் பயந்து அப்பெர்ச்சரை மூடும், முகம் நிழலாகிவிடும். சுவர் மட்டும் அழகாக வரும். ஸ்டில் ஃபோட்டோ லேப்களுக்கு வண்ணம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதுதான் கணக்கு. எந்திரம் நடுநிலையானது என்று யாராவது சொன்னால் இந்த அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சூப்பர் 8 வாங்கினாலும் அப்பெர்ச்சரைக் கையால் மாற்ற முடிகிற மாடலையே வாங்குங்கள். இதில் நான் சமரசம் சொல்லமாட்டேன். பல மலிவான மாடல்கள் 40, 160 என்ற இரண்டு ஃபிலிம் வேகங்களை மட்டுமே அடையாளம் காணும், இன்று கிடைக்கும் ஃபிலிமோடு அவை ஒத்துப்போகாது. சிலவற்றின் மீட்டருக்கு வேண்டிய பாதரச பேட்டரியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. தனி லைட் மீட்டரை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து அளப்பதே நல்ல வழி.

அனிமேஷனுக்கு வேறு கணக்கு. ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்கும் வசதி, ஃபிரேம் எண்ணும் கருவி, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றும் வசதி ஆகிய மூன்றும் வேண்டும். சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் பின்னோக்கிச் சுற்ற அவ்வளவாக இடம் தராது. போலெக்ஸ் எச்16இல் மூன்றும் உண்டு. ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாவதை லேப் உதவி இல்லாமல் கேமராவுக்குள்ளேயே செய்யலாம். 100 அடிச் சுருளில் 4,000 ஃபிரேம். ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம் என்றால் 2,000 படங்கள். திரையில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டார். நிறவெறி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1989இல், ஜோகன்னஸ்பர்க் பற்றிய முதல் படத்தைப் பழைய போலெக்ஸ் ஒன்றால் எடுத்தார். ஒரே தாளில் கரியால் வரைவார், கேமரா வரை நடந்து போய் ஒரு ஃபிரேம் எடுப்பார், திரும்பி வந்து கொஞ்சம் அழித்து மறுபடி வரைவார். அழித்த தடம் தாளிலேயே நிற்கும். வெள்ளையர்தான் அவர், நிறவெறியை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞரின் மகன். ஆயிரக்கணக்கான தாளும் ஆட்களும் இல்லாமல் அனிமேஷன் செய்ய முடியும் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

காகிதத்தை அருகில் வைத்து எடுப்பதென்றால் ரிஃப்ளெக்ஸ் மாடல் (1956இல் வந்தது) தேடுங்கள். மற்றவற்றில் பக்கத்துக் கண்ணாடியில் பார்ப்பதும் ஃபிலிமில் விழுவதும் விலகும். அருகே போகப் போக விலகல் பெரிதாகும். ரிஃப்ளெக்ஸ் போலெக்ஸின் சாதாரண, அகலக் கோண லென்ஸ்களில் ஆர்எக்ஸ் குறி இருக்கிறதா பாருங்கள். ஃபிலிமின் இரு ஓரமும் துளை கேட்கும் பழைய மாடலா என்றும் விசாரியுங்கள், இன்று கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஓரத்துளை ஃபிலிம். வாங்கும் முன் முழுச் சாவி கொடுத்து ஓடவிட்டுக் காது கொடுங்கள். கடைசி வரை ஒரே சீரான சத்தம் வர வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது முதல் எதிரி.

பணம் இல்லையென்றால் இரவல் வாங்கலாம், வெட்கம் வேண்டாம். 1974இல் பீகார் மாணவர் இயக்கத்தைப் பதிவு செய்ய ஆனந்த் பட்வர்தன் இரவல் சூப்பர் 8 கேமராவோடுதான் போனார். அதைத் திரையில் ஓட்டி, 16 மில்லிமீட்டர் கேமராவால் மறுபடி படம் பிடித்து, ‘கிராந்தி கி தரங்கே’ படத்தை உருவாக்கினார். அவசரநிலைக் காலத்தில் அந்தப் படம் துண்டு துண்டாக நாட்டைவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது. 1997 ரமாபாய் நகர் துப்பாக்கிச்சூட்டிலிருந்து தொடங்கும் ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011) வரை வந்த பாதை அங்கே ஆரம்பித்தது.

கேமராவுக்குக் காசு கொடுக்கும் முன், ஃபிலிமை எந்த லேப் கழுவித் தரும், எங்கே ஸ்கேன் செய்யலாம் என்று கேட்டுவிடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால், எடுத்த சுருள் யாருக்குச் சொந்தம், படத்தில் இருப்பவர் கேட்டால் பிரதி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டப்பாவின் மேல் தேதி, இடம், முகங்களின் பெயர் மூன்றும் இருக்கட்டும். வெயில் படாத, காய்ந்த இடத்தில் வையுங்கள். வருடம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, உடனே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.